பிரிட்டிஷ் தொடரில் மட்டும் ஏன் எல்லோரும் பக்கத்து வீட்டுக்காரர்போல இருக்கிறார்கள்?

'தி ஆபீஸ்' என்ற பெயரில் இரண்டு தொடர்கள் உண்டு. முதலாவது 2001இல் பிபிசி 2இல் வந்த பிரிட்டிஷ் தொடர். இரண்டாவது 2005இல் என்பிசி தொடங்கிய அமெரிக்கத் தொடர். இரண்டிலும் கதை ஒன்றுதான். காகிதம் விற்கிற ஒரு கம்பெனி. தன்னைப் பெரிய நகைச்சுவை மன்னனாக நினைத்துக்கொண்டு எல்லோர் உயிரையும் வாங்குகிற மேனேஜர். வரவேற்பு மேசையில் இருக்கும் பெண்ணை மனதுக்குள்ளேயே விரும்புகிற ஒரு சேல்ஸ் பையன். அமெரிக்கத் தொடரின் முதல் எபிசோடு பிரிட்டிஷ் வசனத்தைக் கிட்டத்தட்ட அப்படியே எடுத்துக்கொண்டது. அதனால் இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டால், ஒரே வசனத்தை இரண்டு நாட்டு முகங்கள் பேசுவதைப் பார்க்கலாம்.

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் பார்த்தேன். பிரிட்டிஷ் தொடரில் அந்த சேல்ஸ் பையன் டிம். நடித்தவர் மார்ட்டின் ஃப்ரீமன். பஸ் ஸ்டாப்பில் பக்கத்தில் நின்றால் இரண்டாவது முறை திரும்பிப் பார்க்க மாட்டோம். முகத்தில் தூக்கக் களை, தலையில் ஏதோ ஒரு முடிவெட்டு. அமெரிக்கத் தொடரில் அதே ஆள் ஜிம்; நடித்தவர் ஜான் க்ராசின்ஸ்கி. ஆறடிக்கு மேல் உயரம், நெற்றியில் விழும் முடி. அந்த முடி கலைந்துதான் இருக்கிறது, ஆனால் யாரோ பக்கத்தில் நின்று கலைத்துவிட்டது போல இருக்கிறது. டிம்மைப் பார்த்தால் 'பாவம், இவனுக்கு இந்த வேலையை விட்டால் வேறு வழியில்லை' என்று தோன்றுகிறது. ஜிம்மைப் பார்த்தால் 'இவன் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறான்?' என்று தோன்றுகிறது. வசனம் ஒன்றாக இருந்தும் கதை மாறிவிட்டது.

மேனேஜர் விஷயம் இன்னும் சுவாரசியம். பிரிட்டிஷ் மேனேஜராக வரும் ரிக்கி ஜெர்வேஸுக்கு ஆட்டுத்தாடி, சட்டைக்குள் அடங்காத தொப்பை, டையை ஓயாமல் தடவுகிற கை. அமெரிக்க மேனேஜரான ஸ்டீவ் கரெல் முதல் சீசனில் ஏறக்குறைய அதே தினுசில்தான் வருகிறார். எண்ணெய் தடவி வழித்துச் சீவிய, அடர்த்தி குறைந்த தலை. பார்த்தாலே கொஞ்சம் ஒதுங்கத் தோன்றும். அந்தச் சீசனில் ஆறே எபிசோடுகள்; பார்த்தவர்களும் அதிகமில்லை. சில மாதம் கழித்து இரண்டாவது சீசன் தொடங்கும்போது பார்த்தால், தலையில் முடி அடர்ந்திருக்கிறது, உடம்பு இளைத்திருக்கிறது, கோட்டும் ஒழுங்காகப் பொருந்தியிருக்கிறது. கூடவே அவருடைய குணத்திலும் கொஞ்சம் இனிப்பு சேர்ந்துவிட்டது. பிரிட்டிஷ் முகம் ஒன்று அமெரிக்க முகமாக மாறுவதை இவ்வளவு தெளிவாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

இதற்கெல்லாம் பலரும் சொல்லும் பதில், 'அமெரிக்கர்கள் அழகு, பிரிட்டிஷ்காரர்கள் சுமார்' என்பது. அது சோம்பேறிப் பதில். பலரும் அழகன் என்று கொண்டாடுகிற நடிகர் இட்ரிஸ் எல்பா லண்டனிலிருந்துதானே அமெரிக்கத் தொடருக்குப் போனார்? இரண்டு நாட்டுத் தெருக்களிலும் நடக்கிற முகங்களில் பெரிய வித்தியாசம் கிடையாது. தெருவுக்கும் திரைக்கும் நடுவே ஒரு சல்லடை இருக்கிறது. வித்தியாசம் அந்தச் சல்லடையின் கண்களில்தான். அதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பணம்: தொடருக்கு யார் காசு கொடுக்கிறார்கள், அது எத்தனை வருஷம் ஓடியாக வேண்டும் என்ற கணக்கு.

அமெரிக்கக் கணக்கை முதலில் பார்ப்போம். என்பிசி, சிபிஎஸ், ஏபிசி, ஃபாக்ஸ் போன்ற பெரிய நெட்வொர்க்குகளைப் பார்ப்பவர்கள் அவற்றுக்கென்று தனியாகக் காசு கொடுப்பதில்லை; விளம்பரக்காரர்கள்தான் கொடுக்கிறார்கள். வழக்கமான நெட்வொர்க் தொடர் என்றால் வருஷத்துக்கு 22 எபிசோடு. நன்றாக ஓடினால் நூறு எபிசோடைத் தொடும். நூறு வந்துவிட்டால் மற்ற சேனல்களுக்கு மறு ஒளிபரப்பு உரிமையை விற்கலாம். உண்மையான லாபம் அங்கேதான். ஆகவே முதல் நாளே அவர்கள் யோசிப்பது, 'இந்த முகத்தை ஜனங்கள் ஏழு வருஷம் வாரா வாரம் வீட்டுக்குள் விடுவார்களா?' என்பதைத்தான்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு சடங்கே வைத்திருந்தார்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை 'பைலட் சீசன்'. பைலட் என்றால் சோதனைக்காக எடுக்கிற முதல் எபிசோடு. ஒவ்வொரு நெட்வொர்க்கும் கதைகளைத் தேர்ந்தெடுத்துப் பைலட் எடுக்கும். பெரும்பாலானவை ஒளிபரப்பாகாமலேயே செத்துப்போகும். அதில் முக்கிய வேடத்துக்கு வருகிற நடிகர் கேஸ்டிங் இயக்குநர், தயாரிப்பாளர், ஸ்டுடியோ என்று படிப்படியாக ஏறி, கடைசியில் நெட்வொர்க் அதிகாரிகள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் போய் நடித்துக் காட்ட வேண்டும். அந்த அறைக்குள் நுழைவதற்கு முன்பே, வேலை கிடைத்தால் இத்தனை வருஷம், இவ்வளவு சம்பளம் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். கலிஃபோர்னியா சட்டம் இத்தகைய ஒப்பந்தங்களுக்கு ஏழு வருஷ வரம்பு வைத்திருக்கிறது. அப்புறம் எடுத்த பைலட்டைப் பொதுஜனங்களுக்குப் போட்டுக் காட்டி, எந்தப் பாத்திரம் பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று மதிப்பெண் வாங்குவார்கள். ஸ்ட்ரீமிங் வந்தபிறகு இந்தச் சடங்கு தளர்ந்துவிட்டது. ஆனால் அமெரிக்க டிவி முகம் என்று நாம் பழகியிருக்கிற முகம் இந்தப் படிக்கட்டில் தேய்ந்து வந்ததுதான்.

இத்தனை பேர் தலையாட்டியாக வேண்டிய இடத்தில் எப்படிப்பட்ட முகம் தப்பிப் பிழைக்கும்? யாருக்குமே ஆட்சேபம் இல்லாத முகம். கோணல் மூக்கு ஒருவருக்குப் பிடிக்கும், இன்னொருவருக்குப் பிடிக்காது. நேரான மூக்கை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அதனால் கோணல் மூக்கு மூன்றாம் படியிலேயே வீட்டுக்குப் போய்விடும். அழகைத் தேடி எடுக்கிறார்கள் என்பதைவிட, ஆபத்தைத் தவிர்க்கிறார்கள் என்பதே சரி என்று நினைக்கிறேன்.

இப்போது பிரிட்டன். பிபிசிக்கு உள்நாட்டில் விளம்பரம் கிடையாது; டிவி பார்க்கிற ஒவ்வொரு குடும்பமும் வருஷா வருஷம் கட்டுகிற லைசென்ஸ் கட்டணத்தில் நடக்கிறது. தொடர்கள் குட்டையானவை. ஒரு சீசனுக்கு ஆறு எபிசோடு என்பது சர்வ சாதாரணம். பிரிட்டிஷ் 'ஆபீஸ்' மொத்தமே 12 எபிசோடும் இரண்டு கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதியும்தான். அமெரிக்க 'ஆபீஸ்' 2013 வரை ஓடி 201 எபிசோடைத் தொட்டது. ஆறே வாரம் வருகிற ஆள் எரிச்சலூட்டுபவராக இருக்கலாம், அசடாக இருக்கலாம், தொப்பையோடு இருக்கலாம். கதை எழுதியவரே நடிப்பதும் அங்கே புதிதல்ல. ஜெர்வேஸ் அப்படி வந்தவர்தான். எழுதிய ஆளே நடிக்க வந்து நிற்கும்போது மூக்கைப் பற்றி யார் பேசுவது?

விளம்பரம்தான் காரணம் என்றால், பிரிட்டனின் இன்னொரு பெரிய சேனலான ஐடிவியிலும் விளம்பரம் வருகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஐடிவி 1955இல் தொடங்கியதே விளம்பரக் காசில்தான். ஆனால் அது ஊர் ஊராகத் தனித்தனிக் கம்பெனிகளாகப் பிறந்தது. மான்செஸ்டரில் இருந்த கிரனாடா தன் ஊர் ஜனங்களைப் பற்றி, அவர்கள் பேச்சிலேயே ஒரு தொடர் எடுத்தது. 1960 டிசம்பரில் தொடங்கிய 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' இன்றும் ஓடுகிறது. வரிசை வீடுகள், தெருமுனையில் ஒரு பப், ஹேர்நெட் கட்டிய கிழவிகள் என்று தொடங்கிய தொடர் அது. அறுபது வருஷமாக ஒரு நாடு மாலை நேரத்தில் இப்படிப்பட்ட முகங்களைப் பார்த்தே வளர்ந்தால், டிவி என்றாலே அப்படித்தான் என்று கண் பழகிவிடும். பணம் சல்லடையைச் செய்கிறது. பழக்கம் அதை மாற்றவிடாமல் பிடித்துக்கொள்கிறது.

இரண்டு நாட்டு நீள்தொடர்களைப் பக்கத்தில் வைத்தால் சிரிப்புதான் வரும். அமெரிக்காவில் 1987 முதல் ஓடுகிற 'தி போல்ட் அண்ட் தி பியூட்டிஃபுல்' தலைப்பிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. கதை நடப்பது லாஸ் ஏஞ்சலஸின் ஒரு ஃபேஷன் கம்பெனியில். தூங்கி எழுந்தாலும் மேக்கப் கலையாது. இது நமக்கும் புதிதல்ல. பிபிசியின் 'ஈஸ்ட்எண்டர்ஸ்' 1985இல் தொடங்கியது. கதை கிழக்கு லண்டனின் கற்பனையான ஒரு பகுதியில் நடக்கிறது: சந்தைக் கடைகள், ஒரு பப், காசு போட்டுத் துணி துவைக்கிற ஒரு கடை. அந்தக் கடையில் வேலை செய்யும் டாட் காட்டனாக நடித்தவர் ஜூன் பிரவுன். கையில் எப்போதும் சிகரெட், உதட்டில் பைபிள் வசனம். 2008 ஜனவரியில் ஒரு நாள் எபிசோடு முழுக்க அவர் ஒருவர்தான். மருத்துவமனையில் இருக்கும் கணவருக்காக ஒலிநாடாவில் பேசிப் பதிவு செய்கிறார்; அவ்வளவுதான் கதை. 80 வயது முகம் ஒன்றை அரை மணி நேரம் கேமரா பார்த்துக்கொண்டே இருந்தது. அந்த நடிப்பு பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அமெரிக்கப் பகல் நேரத் தொடரில் இதை யாராவது முன்மொழிந்திருந்தால் அறையில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

நடிகர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதும் சேர்ந்துகொள்கிறது. பிரிட்டனில் நாடகமேடையும் தொலைக்காட்சியும் லண்டனில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. 1904இல் தொடங்கிய ராடா போன்ற நடிப்புப் பள்ளிகளிலிருந்து வருபவர்கள் பகலில் படப்பிடிப்பு, இரவில் மேடை என்று ஓடுவது சகஜம். மேடையில் பின் வரிசைக்கு மூக்கு தெரியாது, குரல்தான் தெரியும். லாஸ் ஏஞ்சலஸ் கேமராவுக்காகவே வளர்ந்த ஊர். நியூயார்க்கின் நாடகமேடை நான்காயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். அங்கே பிழைப்புத் தேடி வருபவர்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் பல் டாக்டருக்கும் போவதைத் தொழில் செலவாகவே வைத்துக்கொள்கிறார்கள்.

குரல் என்றதும் இன்னொன்று. பிரிட்டனில் ஒருவர் வாயைத் திறந்த பத்து விநாடியில் எந்த ஊர், எந்த வர்க்கம் என்று தெரிந்துவிடும். லிவர்பூல் பேச்சு வேறு, யார்க்‌ஷயர் பேச்சு வேறு, பெரிய இடத்துப் பேச்சு வேறு. அதனால் அங்கே ஆள் தேர்வு காதிலிருந்து தொடங்குகிறது. 'ஹேப்பி வேலி' தொடரில் யார்க்‌ஷயர் போலீஸ் சார்ஜெண்டாக வரும் சாரா லங்காஷயர், முதல் காட்சியிலேயே, தீக்குளிக்கப் போவதாக மிரட்டும் ஒருவனிடம் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறார்: வயது 47, விவாகரத்து ஆகிவிட்டது, போதைப் பழக்கத்திலிருந்து மீண்டு வரும் சகோதரியோடு இருக்கிறேன், பிள்ளைகளில் ஒன்று செத்துப்போய்விட்டது, இன்னொன்று பேசுவதில்லை, ஒரு பேரன் இருக்கிறான். பளபளக்கும் போலீஸ் ஜாக்கெட்டோடு, கொஞ்சமும் குரல் உயர்த்தாமல், பலசரக்குக் கணக்குச் சொல்வதுபோலச் சொல்கிறார். நேற்றுதான் அழகு நிலையத்திலிருந்து வந்த முகம் இதைச் சொன்னால் அந்தப் பையன் நம்ப மாட்டான். நாமும் நம்ப மாட்டோம்.

சரி, பல் விஷயத்துக்கு வருவோம். பேச்சு எப்படியும் அங்கே வந்து நிற்கும். அமெரிக்கத் திரையில் பல்வரிசை வெள்ளை ஓடு பதித்த சமையலறைச் சுவர் மாதிரி. 1920களின் இறுதியிலேயே சார்லஸ் பிங்கஸ் என்ற கலிஃபோர்னியா பல் மருத்துவர், ஷூட்டிங் நேரத்தில் மட்டும் பல்லின் மேல் ஒட்டிக்கொள்கிற மெல்லிய பல்தகடுகளை நடிகர்களுக்குச் செய்து கொடுத்தார். இன்றைய 'வெனீர்' அதன் பேத்தி. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் தரும் பல் சிகிச்சையோ பல் வேலை செய்கிறதா, வலிக்கிறதா என்று பார்க்கும். வெறும் அழகுக்காக வெளுத்துத் தராது. கோணலாக இருந்தாலும் கடிக்கிறதா? போ, அடுத்த ஆளை வரச் சொல்.

பிரிட்டிஷ்காரர்களின் பல் மோசம் என்று அமெரிக்காவில் காலங்காலமாக ஒரு கேலி உண்டு. 2015இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் வந்த ஓர் ஆய்வு இங்கிலாந்தையும் அமெரிக்காவையும் ஒப்பிட்டது. விழுந்துபோன பற்களின் சராசரி அமெரிக்கர்களுக்கு 7.31, இங்கிலாந்துக்காரர்களுக்கு 6.97. கேலி செய்தவர்களுக்குத்தான் பல் கொஞ்சம் குறைவு! நேராக இருப்பது வேறு, இருப்பது வேறு.

இந்தக் கேலி பழைய காலத்தோடு போய்விடவும் இல்லை. ஸ்டாக்போர்ட்டைச் சேர்ந்த ஏமி லூ வுட் 2025இல் எச்பிஓவின் 'தி வைட் லோட்டஸ்' மூன்றாம் சீசனில் நடித்தார். முன்பல் இடைவெளியோடு சிரிக்கிற முகம். அமெரிக்காவில் பாராட்டியவர்களும் பல்லைத்தான் பேசினார்கள், கிண்டல் செய்தவர்களும் பல்லைத்தான் பேசினார்கள். ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி பொய்ப்பல் மாட்டி அவரைப் போல நடித்துக்காட்ட, அவர் பொதுவெளியிலேயே வருத்தப்பட்டார். நடிப்பைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமில்லை என்ற குறை அவருக்கு. அதே பல்லோடுதான் அதற்கு முன் பல வருஷம் பிரிட்டிஷ் தொடர்களில் நடித்திருந்தார்.

பிரிட்டிஷ் தொடரை அமெரிக்காவில் திரும்ப எடுக்கும்போது இந்தச் சல்லடை கையும் களவுமாகப் பிடிபடும். 'ரெட் ட்வார்ஃப்' என்ற விண்வெளி நகைச்சுவைத் தொடரில் லிஸ்டர் என்றொரு அழுக்குப் பையன். குளியல் கிடையாது, மூன்று வேளையும் காரமான இந்தியக் கறி கிடைத்தால் போதும். லிவர்பூல்காரரான க்ரெய்க் சார்ல்ஸ் நடித்தார். 1992இல் அமெரிக்கப் பைலட் எடுத்தபோது அந்த வேடத்துக்கு வந்தவர் க்ரெய்க் பியர்கோ. நெடிய, தோள் அகன்ற, கதாநாயகக் களை. தொடர் எழும்பவில்லை. 'தி ஐடி கிரவுட்' தொடரிலும் இதே கதை. கட்டடத்தின் அடித்தளத்தில் ஒளிந்து கிடக்கிற, கலைந்த தலை கம்ப்யூட்டர்காரன் ராயாக க்ரிஸ் ஓ'டவுட் நடித்தார். 2007 அமெரிக்கப் பைலட்டில் அந்த இடத்தில் ஜோயல் மெக்ஹேல். இவ்வளவு லட்சணமான ஆளை ஏன் அடித்தளத்தில் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்பதே கேள்வியாகிவிடும். அதுவும் ஒளிபரப்பாகவில்லை. முகம் ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தோற்றுப்போகிறவனைப் பற்றிய நகைச்சுவையில் ஜெயிக்கிற முகத்தை வைத்தால் ஜோக்கின் பாதி காலி.

பள்ளிக்கூடத் தொடர்களில் வித்தியாசம் அழகில் இல்லை, வயதில். 1990இல் 'பெவர்லி ஹில்ஸ் 90210' தொடங்கியபோது பள்ளி மாணவியாக வந்த கேப்ரியெல் கார்ட்டெரிஸுக்கு வயது 29. அங்கே 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களை எத்தனை மணி நேரம் வேலை வாங்கலாம், செட்டிலேயே பாடம் நடத்த வேண்டும் என்றெல்லாம் சட்டம் உண்டு. பெரியவர்களைப் போட்டால் தொல்லையில்லை. பரு போன, தாடை தெளிந்த முகமும் கிடைத்துவிடுகிறது. பிரிட்டனில் 2007இல் பிரிஸ்டல் நகரில் எடுக்கப்பட்ட 'ஸ்கின்ஸ்' தொடங்கியபோது தேவ் படேலுக்கு 16, காயா ஸ்கோடலாரியோவுக்கு 14. பதின்ம வயதின் ஒட்டாத கையும் காலும் அப்படியே திரையில் தெரிந்தன.

இதுவரை சொன்னதை வைத்துக்கொண்டு பிரிட்டன் என்றால் நிஜம், அமெரிக்கா என்றால் பூச்சு என்று முடிவுகட்டிவிட வேண்டாம். பிரிட்டிஷ் தொடர்களிலும் உடை நாடகங்கள் என்றொரு வகை இருக்கிறது. பழைய காலத்து மாளிகை, குதிரை, கோட்டு. 2015இல் வந்த 'போல்டார்க்' தொடரில் ஏடன் டர்னர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அரிவாளால் புல் அறுக்கிற காட்சியைப் பற்றி அந்த ஊர்ப் பத்திரிகைகள் எழுதியதைப் படித்தால், பிபிசிக்கும் வயிற்றுத் தசை பிடிக்கும் என்று தெரியும். இந்தப் பக்கம் அமெரிக்காவில் 1988இலேயே 'ரோசேன்' வந்துவிட்டது. பருத்த உடம்போடு, கடனோடு, சோபாவில் சாய்ந்து கிடக்கிற உழைப்பாளிக் குடும்பம். நாடே அதைப் பார்த்தது.

பணக் கணக்குதான் சல்லடை என்று நான் நம்புவதற்கு நல்ல சாட்சி எச்பிஓ. அதே அமெரிக்கா, அதே நடிகர் கூட்டம்; ஆனால் விளம்பரமில்லாமல் சந்தாவில் நடக்கிற சேனல். ஒவ்வொருவரையும் திருப்திப்படுத்த வேண்டாம், காசு கட்டுகிறவர் நிறுத்தாமல் கட்டினால் போதும். 1999இல் 'தி சோப்ரனோஸ்' தொடரின் நாயகனாக, தலை வழுக்கையும் வயிறும் மூச்சிரைப்புமாக ஜேம்ஸ் கண்டோல்ஃபினியை அவர்களால் நிறுத்த முடிந்தது. 2002இல் வந்த 'தி வயர்' பால்டிமோர் நகரத்து ஆட்களையே சில வேடங்களுக்கு எடுத்தது. வேடிக்கை என்னவென்றால் அதன் முக்கிய நடிகர்களில் இருவர், டாமினிக் வெஸ்டும் இட்ரிஸ் எல்பாவும், இங்கிலாந்துக்காரர்கள்.

2021இல் அதே எச்பிஓவில் 'மேர் ஆஃப் ஈஸ்ட்டவுன்' வந்தது. பென்சில்வேனியாவின் சிற்றூர் ஒன்றில் துப்பறியும் போலீஸ்காரி. கல்யாணம் முறிந்தவர், மகனைப் பறிகொடுத்தவர், பேரனை வளர்ப்பவர். நடித்தவர் இங்கிலாந்தின் ரெடிங் நகரில் பிறந்த கேட் வின்ஸ்லெட். ஒரு படுக்கையறைக் காட்சியில் வயிற்றுச் சதை கொஞ்சம் பிதுங்கித் தெரிந்தது. அதை வெட்டிவிடுகிறேன் என்று இயக்குநர் ஆறுதலாகச் சொல்ல, தொடாதீர்கள் என்று தடுத்திருக்கிறார். அப்புறம் விளம்பர போஸ்டர் வந்தது. முகத்தைக் கம்ப்யூட்டரில் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தார்கள். திருப்பி அனுப்பினார். சரிசெய்து மறுபடி அனுப்பினார்கள். மறுபடியும் திருப்பி அனுப்பினார்: கண் ஓரத்தில் எத்தனை கோடு இருக்கிறது என்று எனக்குத் தெரியும், எல்லாவற்றையும் இருந்த இடத்தில் வையுங்கள் என்று.